அரபுத்தமிழும் மக்தபுக் குழந்தையும்

மதுரை திருநகரில் அன்பர் ஒருவரின் இல்லத்தில், அவருடைய ஏழு வயது மகள் இக்லாஸ் சூராவைத் தமிழ் எழுத்தில் அச்சிட்ட சிறுநூலைப் பார்த்து ஓதக் கேட்டோம். முதற்சொல்லாகிய 'குல்' அவள் வாயில் சாதாரணக் ககரமாகவே பிறந்தது. அடிநாவில் எழும் காஃபைக் கொண்டு சொன்னால் 'கூறுவீராக'. மற்றக் காஃபைக் கொண்டு சொன்னால் 'உண்பீராக'. பிள்ளை மீது குற்றமில்லை. இரண்டுக்கும் தமிழில் ஒரே ககரந்தான். அவ்வெழுத்துகளின் பெயர்களைக்கூட இங்கே நம்மால் வேறுபடுத்தி எழுத இயலவில்லை!

நம் முன்னோர் இதற்கு நேர்மாறான வழியில் சென்றனர். தமிழை அரபி எழுத்தில் எழுதினர். அரபுத்தமிழ் என்றும் அர்வி என்றும் அதனை வழங்குகிறோம். அரபியின் 28 எழுத்துகளில் பகரம் இல்லை. ஃபே எழுத்தில் புள்ளி கூட்டி அதனை உண்டாக்கினர். டகரம், ணகரம் முதலியவற்றுக்கும் இவ்வாறே. எகர ஒகரங்களுக்குத் தனிக் குறிகள் வகுத்தனர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்கள் (1816–1898) போன்றோர் இவ்வெழுத்திலேயே மார்க்க நூல்கள் இயற்றினர். கல்லச்சில் பதிப்பிக்கப்பட்ட அர்வி நூல்கள் தமிழகத்திலும் இலங்கையிலும் பரவின.

இதனைக் குழந்தையின் பக்கமிருந்து பார்க்க வேண்டும். மக்தபில் அலிஃப், பே தொடங்கி, ஜபர், ஜேர், பேஷ் கூட்டி எழுத்தை ஒலியாக்கப் பழகுகிறது. குர்ஆனை ஓத வருகிறது, பொருள் விளங்குவதில்லை. அதே எழுத்துகள் அடுத்த நூலில் 'உம்மா' என்றும் 'தண்ணீர்' என்றும் பேசும்போது, காதறிந்த சொல்லைக் கண் அடையாளம் காண்கிறது. எழுத்து வெறும் ஓசையன்று, பொருளும் தரும் என்பது அங்கேதான் அதற்குப் புலப்படுகிறது. ஒரு மொழியில் பெற்ற எழுத்துக்கூட்டும் திறன் மற்றொரு மொழியின் வாசிப்புக்கும் துணையாகும் என்று இன்றைய வாசிப்பு ஆய்வாளரும் கூறுகின்றனர்.

தமிழ் வாக்கியத்துள் வரும் அரபுச் சொல்லும் அர்வியில் தன் எழுத்தை இழப்பதில்லை. தமிழெழுத்தில் 'கல்பு' என்றால் இதயமா, நாயா? அர்வியில் அந்த ஐயம் எழாது.

பள்ளிக்கூடம் காணாத நம் மூதாட்டியர் பலர் இவ்வெழுத்தில் வாசித்தனர், கடிதமும் எழுதினர். தமிழ் எழுத்து அறியாததால் ஊரார் அவர்களைப் 'படிக்காதவர்' என்றே கருதினர். இது நம்மை இன்றும் உறுத்துகிறது.

பள்ளிக்கல்வி பரவியதும் தமிழ் எழுத்து எல்லோர் கைக்கும் வந்தது, நன்மையே. அர்வியை மீண்டும் அன்றாட எழுத்தாக்க வேண்டுமென்று நாம் கோரவில்லை. ஆனால் அலிஃப், பே கற்கும் வயதில் தமிழெழுத்துச் சூரா நூலைக் கொடுப்பது, நடக்கக் கற்கும் பிள்ளையை இடுப்பிலேயே வைத்திருப்பதாகும்.

சிறுமியின் தந்தையிடம் இதைச் சொன்னோம். "எனக்கே அரபி எழுத்துத் தெரியாது, ஹஜ்ரத், இதை வைத்துத்தான் சொல்லிக்கொடுக்க முடிகிறது" என்றார். மஃரிபுக்குப் பின் இருவரையும் சேர்ந்தே வரச் சொல்லியிருக்கிறோம்.