முகத்தூய்மையும் உமரிச் சாம்பலும்

தொழுகைக்கு முன் கழுவ வேண்டிய உறுப்புகளைத் திருமறையின் ஐந்தாம் அத்தியாயமான அல்மாயிதாவின் ஆறாம் வசனம் எடுத்துரைக்கிறது. அவற்றுள் முதலில் கூறப்படுவது முகம். வணக்கத்திற்காக விதிக்கப்பட்ட இத்தூய்மையை ஒட்டி, நீர், எண்ணெய், சாம்பல் பற்றிய அறிவும் முஸ்லிம் நாடுகளில் வளர்ந்து வந்தது. அவ்வரலாற்றின் ஒரு கூறு நம் பேராவூரணி வட்டாரத்தையும் தொடுகிறது.

அரபு நாட்டார் கைகழுவவும் ஆடை வெளுக்கவும் 'உஷ்னான்' என்னும் உவர்நிலச் செடியைப் பயன்படுத்தினர். இத்தகைய செடிகளை எரித்துப் பெற்ற சாம்பலை 'அல்கலீ' என்றனர். காரத்திற்கு ஐரோப்பியர் வழங்கும் 'ஆல்கலி' என்ற பெயர் இதிலிருந்து பிறந்ததே. எண்ணெயைக் காரத்தோடு காய்ச்சினால் சவுக்காரம் கிடைக்கும். ஹலப் என்னும் அலெப்போவில் ஆலிவ் எண்ணெயுடன் லாரல் எண்ணெயைச் சேர்த்தனர். பாலஸ்தீனத்து நாப்லுஸ் நகரில் ஆலிவ் எண்ணெயே போதுமானதாயிற்று. இவ்விரு தொழில்மரபுகளையும் 2024 டிசம்பரில் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

உஷ்னானின் உறவுச் செடியைக் காண நாம் அரபு நாடு செல்ல வேண்டியதில்லை. முத்துப்பேட்டைக் கழிமுகத்தின் உவர்ச் சேற்றில் வளரும் உமரி அக்குடும்பத்ததே. எண்ணெய்க்கோ, தென்னையால் வாழும் பேராவூரணியில் குறைவில்லை. 2018 நவம்பர் 16 அன்று கரையேறிய கஜா புயல் எண்ணற்ற தென்னைகளைச் சாய்த்த பின்னரும் இவ்வூரின் முதன்மைப் பயிர் தென்னையாகவே உள்ளது. தேங்காயெண்ணெய்ச் சவுக்காரம் கடல்நீரிலும் நுரைக்கும். ஆகவே கப்பலோட்டிகளுக்கு அது உகந்ததாயிற்று.

முகப்பராமரிப்பை மருத்துவத்தின் பகுதியாகவே நம் முன்னோர் கருதினர். குர்துபாவை அடுத்த மதீனத்துஸ் ஸஹ்ராவில் வாழ்ந்த அபுல்காசிம் அஸ்ஸஹ்ராவி, முப்பது பகுதிகள் கொண்ட தம் 'அத்தஸ்ரீஃப்' நூலின் பத்தொன்பதாம் பகுதியை நறுமணப் பொருள்களுக்கும் ஒப்பனை மருந்துகளுக்கும் ஒதுக்கினார். இப்னு சீனா (980–1037) 'அல்கானூன்' நூலின் நான்காம் பாகத்தில் 'ஸீனத்', அதாவது அழகு பற்றித் தனிப்பிரிவே வகுத்து, 'கலஃப்' எனப்படும் மங்கு, 'நமஷ்' எனப்படும் புள்ளிகள் ஆகியவற்றை ஆராய்ந்தார். எனினும் அக்காலத்து முகப்பூச்சுகளில் ஈயவெள்ளையும் இடம்பெற்றது. அது நஞ்சு. முன்னோர் நூல் என்பதற்காக அதனை இன்று பின்பற்ற வேண்டும் என்பார் உளரேல், அவர்கள் அப்பெரியோருக்கு நன்மை செய்தவராகார்.

முகத்தைப் பேணுவது வேறு, நிறத்தை மாற்ற முனைவது வேறு. மாந்தரின் மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பதை இறைவனின் சான்றுகளுள் ஒன்றாக அர்ரூம் அத்தியாயத்தின் 22ஆம் வசனம் கூறுகிறது. ஆயினும் நம்மிடையே பெண்பார்க்கும் படலத்தில் நிறம் பெறும் இடத்தை நாம் அறிவோம். 1975இல் இந்தியச் சந்தைக்கு வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' 2020இல் பெயரை மாற்றிக்கொண்டது. சிவப்பழகு மீதான ஆசையோ மாறவில்லை.

இவ்வாசையின் விலையை மலப்புரம் மாவட்டத்துக் கோட்டக்கல் மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர். 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேருள் 15 பேரிடம் அரிதான ஓர் அடையாளம் காணப்பட்டது. அப்பதினைவருள் 13 பேர் வெளுப்புக் களிம்பு பூசியவர்கள். இத்தகைய களிம்புகள் சிலவற்றில் உள்ள பாதரசம் தோலின் கருநிறமி உருவாவதைத் தடுக்கிறது. தோல்வழி உட்சென்று சிறுநீரகத்தையும் தாக்குகிறது. பாதரசம் சேர்த்த ஒப்பனைப் பொருள்களை 2025ஆம் ஆண்டோடு முற்றாக நிறுத்துவதென மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2023இல் முடிவு செய்தன.

ஒளுவின்போது முகத்திற்கு வெறும் நீரே போதும். ஐவேளையும் சவுக்காரம் இட்டால் தோல் வறளும். நாளுக்கு இருமுறைக்கு மேல் அது வேண்டா. வறண்ட தோலுக்குத் தேங்காயெண்ணெய் நன்று; பருவுள்ள முகத்திற்கு அது துளைகளை அடைத்துப் பருவை மிகுவிக்கக் கூடும். நண்பகல் வெயிலில் வயலுக்கோ தோப்புக்கோ செல்வோர் தலைத்துணியை முகத்தின் மீதும் இழுத்துவிட்டுக் கொள்ளலாம்.

வளைகுடாவிலிருந்து வரும் பெட்டிகளில் உள்ள களிம்புகளை, அரபெழுத்து இருப்பதாலேயே நல்லவை என எண்ணி வாங்குவோர் உண்டு. அவ்வெழுத்தில் 'ஸீபக்' என்றிருந்தால் அது பாதரசம். 'காலமெல்' என்பதும் அதன் உப்பே. உட்பொருள் எதுவும் குறிக்காமல், பொன், வெள்ளி நகைகளில் படாமல் பூசுக என்று மட்டும் எச்சரித்திருந்தாலும் அதனை வாங்கலாகாது. பொன்னை வெளுக்கச் செய்வது பாதரசத்தின் இயல்பு.