ஓரியின் நாணமும் ஊர்த் தலைமையும்

கொல்லிமலை அறப்பளீசுரப் பெருமான் எழுந்தருளியுள்ள திருமலை. அறைப்பள்ளி என்று அப்பர் அடிகள் திருவாக்கில் வைத்துப் போற்றப்பெற்ற வைப்புத் தலம். இம்மலையைச் சங்க காலத்தில் ஆண்டவன் கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரி. ஊர்க்குத் தலைமை பூணுவார்க்கு வேண்டும் பண்புகள் யாவை என ஆராய்வார்க்கு அவன் வரலாறு தக்கதோர் உரைகல் ஆகும்.

புறநானூற்றின் 152-ஆம் பாட்டில் வன்பரணர் ஒரு நிகழ்ச்சியைக் காட்டுகின்றார். வேட்டுவன் ஒருவன் எய்த ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் வீழ்த்தியது. அவனைக் கண்ட பாணர் கூட்டம் இசை பாடிக் 'கோ' என விளித்தது. தன்னைக் குறித்த சொல் அதுவாகலின் அவன் நாணினான். புகழுரையை வளரவிடாது, ஊனும் நறவும் அளித்துப் பொன்னும் மணியும் ஈந்தான். அவ்வேட்டுவனே ஓரி. ஆற்றல் மிக்கவனுக்கு நாணம் அணிகலன் என்பது முதல் நெறி.

அடுத்த பாட்டில் அதே புலவர், ஓரியிடம் பரிசில் பெற்ற கூத்தரும் பாணரும் பசி நீங்கியமையால் ஆடலையும் பாடலையும் மறந்தனர் என்கின்றார். இரப்போரைத் தன் வாயிலில் நிறுத்திவைப்பது ஈகை அன்று. இன்மையைப் போக்குவதே ஈகை. இது இரண்டாம் நெறி.

மலையமான் திருமுடிக்காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரர்க்கு அளித்தான். காரியும் கடையெழு வள்ளல்களுள் ஒருவனே. எனினும், வென்றவனுக்கன்றித் தோற்றவனுக்கே ஆண்டுதோறும் ஆடித் திங்களில் அம்மலையில் விழா எடுக்கப்பெறுகின்றது. போரில் நாடு கைமாறலாம். மக்கள் நெஞ்சில் பெற்ற இடம் கைமாறாது. இது மூன்றாம் நெறி.

வளப்பூர் நாடு, தேவனூர் நாடு, சேளூர் நாடு என நாடுகளாகப் பகுக்கப்பெற்ற இம்மலையில் மலையாளி மக்கள் வாழ்கின்றனர். ஊர்க்கவுண்டர் முன்னிலையில் ஊரார் கூடி வழக்குத் தீர்ப்பதும் திருவிழா நடத்துவதும் அவர்தம் பழைய மரபு. ஊர் கூடாத இடத்தில் தலைமை இல்லை என்பதை அம்மரபு உணர்த்தும். அம்பலவாணக் கவிராயரும் தம் அறப்பளீசுர சதகத்தில் அரசர் முதலாக உலகோர் ஒழுகும் முறைகளை நூறு பாடல்களில் வகுத்து, அவற்றை இப்பெருமான் திருமுன்னரே வைத்தார்.

திருப்பணிக்குப் பொருள் ஈந்தோர் பெயரைக் கல்லில் பொறித்தல் பண்டைய வழக்கு, அது குற்றமன்று. அக்கல்லைக் காணுந்தோறும் ஓரியின் நாணம் நினைவுக்கு வருமாயின், ஈந்த பொருள் இறைவனைச் சார்ந்ததாகும்; வாராதாயின் கல்லையே சார்ந்ததாகும். அன்பர்கள் இதனைச் சிந்தித்து அறப்பளீசுரர் திருவருளுக்கு உரியராவாராக.