யாரை நம்பிக் காலை நீட்டுவது?

எலும்பு கூடி மாவுக்கட்டு பிரித்ததும் டாக்டர் சீட்டில் ‘பிசியோதெரபி’ என்று ஒரு வரி எழுதிவிடுவார். யாரிடம் போவது? அது நம்ம தலைவலி. ஆனா இது புதுத் தலைவலி இல்லை. பிரிட்டனில் பிசியோதெரபிக்கென்று ஒரு சங்கம் உருவானதே இந்தக் குழப்பத்தில்தான்.

1894, லண்டன். மசாஜ் சிகிச்சைக்கு அங்கே நல்ல மவுசு. டாக்டர்களே சிபாரிசு செய்தார்கள். ஆனால் ‘மசாஜ்’ என்று பலகை மாட்டிய சில வீடுகளுக்குள் நடந்தது வேறு தொழில். பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் அந்த வருஷம் இதைப் போட்டு உடைத்தது. முறையாகக் கற்ற பெண்களின் பெயரும் சேர்ந்தே கெட்டது. எந்தக் கதவைத் தட்டுவது என்று நோயாளிக்கும் தெரியவில்லை.

நர்சுகளாகவும் மருத்துவச்சிகளாகவும் இருந்த நாலு பெண்கள் கூடி அதே வருஷம் ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள்: லூசி ராபின்சன், ரோசலிண்ட் பேஜெட், எலிசபெத் மேன்லி, மார்கரெட் பால்மர். பரீட்சை எழுதித் தேறினால்தான் சான்றிதழ். டாக்டர் சொல்லாமல் யாரையும் தொடக்கூடாது. மருத்துவப் பத்திரிகை தவிர எங்கும் விளம்பரம் கூடாது. நோயாளிக்கு மருந்து விற்கக்கூடாது. அவசரமாக டாக்டரே கேட்டுக்கொண்டால் ஒழிய ஆண்களுக்கு மசாஜ் கிடையாது.

கவனிச்சுப் பாத்தா, இவற்றில் பாதி மானத்தைக் காக்க வந்த விதிகள். வந்தவர் எழுந்து நடந்தாரா என்று எந்த விதியும் கேட்கவில்லை. இருந்தாலும் நோயாளிக்கு முதல்முறையாக ஒரு பிடி கிடைத்தது: ‘சான்றிதழ் இருக்கா?’ என்று கேட்கலாம். மருந்து விற்கக்கூடாது என்ற விதி எனக்கு ரொம்பப் பிடிக்கும். முதல் நாளே எண்ணெயும் பெல்ட்டும் தலையில் கட்டுகிற இடங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

ஆண்கள் பற்றிய விதியை உடைத்தது முதல் உலகப் போர். 1914-இல் 50 பெண்களோடு தொடங்கிய ஆல்மெரிக் பேஜெட் மசாஜ் படையில் போர் முடிவதற்குள் ஆயிரக்கணக்கானோர் வேலை பார்த்தார்கள். படுக்கையில் கிடந்ததெல்லாம் சிப்பாய்கள்தான். ஆண் பெண் பார்க்க நேரம் ஏது? போரில் பார்வை இழந்த சிலரே செயின்ட் டன்ஸ்டன்ஸ் இல்லத்தின் உதவியோடு மசாஜ் கற்று, அடிபட்ட மற்றவர்களைத் தேற்றினார்கள்.

1920-இல் சங்கத்துக்கு அரச சாசனம் கிடைத்தது. பெயரில் ‘பிசியோதெரபி’ ஏறியது 1944-இல்தான். நம்ம நாட்டில் பிசியோதெரபிஸ்டுகளையும் சேர்த்துப் பதிவேடு வைக்கச் சொல்லும் மத்தியச் சட்டம் வந்தது 2021-இல். கட்டு பிரித்த கையோடு, ‘எங்கே படிச்சீங்க, எங்கே பதிவு?’ என்று தாராளமாகக் கேட்கலாம். லண்டன்காரர்கள் 1894-லிருந்தே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.