இறால் இழுவலையில் கடலாமைகள் சிக்குதல்

இறாலுக்காகக் கடலடியில் இழுக்கப்படும் வலைகளில், சட்டப் பாதுகாப்புப் பெற்ற கடலாமைகள் தற்செயலாகச் சிக்கி மூச்சுமுட்டி இறப்பது வெப்பக் கடல்கள் பலவற்றில் உள்ள சிக்கல். அமெரிக்காவை ஒட்டிய மெக்சிகோ வளைகுடாவில் இது மிக விரிவாக ஆராயப்பட்டுள்ளது.

காரணம்

இறால் சேற்றுத் தரையை ஒட்டி வாழ்வதால் வலையின் அடிக்கயிறு தரையை உரசியபடியே செல்கிறது. வலைக்கண் சிறியது, எதிர்ப்படுவன எல்லாம் வலையின் பின்முனைப் பையான மடியில் சேர்கின்றன. ஆமை நுரையீரலால் மூச்சுவிடும் உயிரினம். அமைதியாக மூழ்கியிருக்கையில் நெடுநேரம் தாங்கினாலும், வலைக்குள் திமிறும்போது அதன் ஆக்சிஜன் விரைவில் தீர்ந்துவிடும். ஒரு மணி நேரத்துக்கு மேல் வலையை இழுத்தால் இறப்பு வேகமாகக் கூடுகிறது.

பாதிப்பு

அமெரிக்கக் கடற்பகுதியில் மனிதரால் நேரும் ஆமை இறப்புகளில், மற்றக் காரணங்கள் அனைத்தையும்விட இறால் இழுவலையின் பங்கே அதிகம் என்று அந்நாட்டின் தேசிய ஆராய்ச்சிக் குழு 1990இல் அறிவித்தது. முட்டை சேகரிப்பாலும் வலைகளாலும் கெம்ப்ஸ் ரிட்லி என்ற கடலாமை இனம் அழிவின் விளிம்பை எட்டியது. 1947இல் மெக்சிகோவின் ராஞ்சோ நுவேவோ கடற்கரையில் ஒரே நாளில் பல்லாயிரம் ஆமைகள் முட்டையிட ஏறியது படமாக்கப்பட்டது. 1985இல் எண்ணப்பட்ட கூடுகள் 702 மட்டுமே.

ஆமை விலக்கி

ஜார்ஜியா மாநில இறால் மீனவர் சிங்கி பூன், ஜெல்லிமீன்களை வெளியேற்றத் தம் வலையில் சாய்வான கம்பிச் சட்டம் ஒன்றைப் பொருத்தினார். அதிலிருந்தே ஆமை விலக்கி உருவானது. சுமார் 10 செ.மீ. கம்பி இடைவெளியில் இறால் மடிக்குள் போய்விடும். ஆமை கம்பிமேல் சறுக்கி வலையிலுள்ள திறப்பின் வழியே தப்பும். சரியாகப் பொருத்தினால் 97 விழுக்காடு ஆமைகள் தப்புகின்றன. பெரிய உடல் கொண்ட ஏழுவரி ஆமைக்காக 2003இல் திறப்பு அகலமாக்கப்பட்டது.

சட்டமும் வழக்கும்

1987இல் அமெரிக்க அரசு இக்கருவியைக் கட்டாயமாக்க விதி வகுத்தது. இறால் நழுவுகிறது, கம்பியில் கடற்பாசி அடைக்கிறது என்று மீனவர்கள் எதிர்த்தனர். 1989இல் டெக்சாஸ் துறைமுக வாய்களைப் படகுகளால் மறித்தனர். இக்கருவியைத் தம் அலுவலர்கள் வலியுறுத்தக் கூடாது என்ற லூசியானா மாநிலச் சட்டம் 2015வரை நீடித்தது.

ஆமைகளைக் காக்காத நாடுகளின் கடல் இறாலுக்கு அமெரிக்கா விதித்த தடையை இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து ஆகியவை உலக வணிக அமைப்பில் எதிர்த்தன. நோக்கம் ஏற்கத்தக்கது, நடைமுறைப்படுத்திய விதம் பாரபட்சமானது என 1998இல் மேல்முறையீட்டுக் குழு தீர்ப்பளித்தது. திருத்திய நடைமுறை 2001இல் ஏற்கப்பட்டது.

இந்தியாவில்

பங்குனி ஆமைகள் கூட்டமாக முட்டையிடும் ஒடிசாவின் கஹிர்மாதாக் கடற்பகுதி 1997இல் சரணாலயமானது. கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இந்திய விசைப்படகுகளுக்கேற்ற விலக்கியை வடிவமைத்தது. எனினும் பயன்பாடு பரவவில்லை. இதனால் 2019இல் இந்தியக் கடல் இறாலுக்கு அமெரிக்கா தடை விதித்தது; பண்ணை இறாலுக்கு இத்தடை இல்லை. 2025 தொடக்கத்தில் சென்னை சுற்றுவட்டாரக் கரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் இறந்து ஒதுங்கின.

திறப்பைத் தைத்து மூடினால் விலக்கி இருந்தும் பயனில்லை. அதனால் சட்டத்துடன் கடலிலும் துறைமுகத்திலும் தொடர் சோதனை தேவைப்படுகிறது.