சாந்தோமின் சிறிய கோபுரம்

சாந்தோம் பேராலயத்தின் உயர்ந்த வெண்கோபுரத்தைக் கண்டு வியந்தபடியே நாம் உள்ளே நுழைந்தோம். கூர்வளைவுகள், வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள் என யாவும் கோதிக் பாணி. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் எழுப்பிய பழைய ஆலயத்தை இடித்துவிட்டே 1896இல் இது எழுந்தது என்பதை அறிந்தபோது வியப்போடு வருத்தமும் சேர்ந்தது. 1749இலேயே ஊர் ஆங்கிலேயர் வசமாயிற்று. இதைக் கட்டுவித்தவர் போர்த்துக்கீசிய ஆயர். வடிவமைத்தவரோ ஆங்கிலேயப் பொறியாளர். ஆட்சி மாறிய கதையைக் கட்டடமே சொல்கிறது.

வெளியே வந்து அண்ணாந்து பார்த்தோம். கூரை நடுவே இன்னொரு சிறிய கோபுரம். புனித தோமையாரின் கல்லறை என்று மரபு போற்றும் இடத்தைக் குறிப்பது அது. கட்டியவர்கள் மாறினர், பாணி மாறியது, இடம் மாறவில்லை. முன்னோர் கட்டிய சுவர்களை இழந்த நமக்கு, அவர்கள் வணங்கிய இடத்தையேனும் அச்சிறு கோபுரம் காட்டி நிற்கிறது.