கல்லான மரமும் காணாமற்போன கணினியும்

பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் கல்லாகிப்போன மரமொன்று கிடக்கிறது. நீளம் 18 மீட்டர். நிலவியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் 1940இல் கண்டறிந்து சொன்னது. இன்று அது தேசிய நிலவியல் நினைவுச்சின்னம். சுற்றிலும் வேலியிட்டுக் காக்கிறார்கள். பக்கத்து அரியலூரில் கதை வேறு. பழங்கடலின் உயிர்கள் படிந்த சுண்ணாம்புக்கல் வெட்டப்பட்டுச் சிமென்டாகிறது. எவரோ குனிந்து எடுத்து வைத்த படிவங்களே வாரணவாசி அருங்காட்சியகத்தில் நமக்குக் காணக் கிடைக்கின்றன.

கோடி ஆண்டுக் கிளிஞ்சலுக்குள்ள இந்த விதி, நேற்றைய கணினிக்கும் உண்டு. 1955இல் பிரிட்டனிலிருந்து கல்கத்தா இந்தியப் புள்ளியியல் கழகத்துக்கு எச்.இ.சி. 2எம் வந்தது. பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் சுமார் 2,700 வெற்றிடக் குழல்களைக் கொண்டு தாமே கட்டிய டிஃப்ராக் 1960இல் இயங்கத் தொடங்கியது. சென்னை ஐ.ஐ.டி.க்கு 1973இல் ஐ.பி.எம். 370 வந்தது. ஒவ்வொன்றும் தன் காலத்தில் அதிசயம். சில ஆண்டுகளிலேயே இடத்தை அடைக்கும் இரும்பு.

அலட்சியம் நமக்கு மட்டும் உரியதன்று. கேம்பிரிட்ஜில் 1949இல் இயங்கத் தொடங்கிய எட்சாக்கை 1958இல் பிரித்துப் போட்டார்கள். அரை நூற்றாண்டுக்குப் பின், எஞ்சிய புகைப்படங்களையும் சில வரைபடங்களையும் வைத்துக்கொண்டு ஆர்வலர்கள் பிளெட்ச்லி பார்க்கில் அதை மீண்டும் கட்ட முனைந்தார்கள். எறிவதற்கு ஆன நேரம் சில நாட்கள், மீட்பதற்கோ ஆண்டுகள்.

பழங்கணினி சேகரிப்போரைக் கிறுக்கர் என்று நகைப்பது எளிது. அவர்களது வேலையோ நுணுக்கமானது. தாய்ப்பலகையின் மின்கலம் கசிந்து செம்புத் தடங்களை அரிக்கும் என்பதால் முதலில் அதை அகற்றுவார்கள். மின்தேக்கிகளைச் சோதிக்காமல் மின்சாரம் கொடுக்கமாட்டார்கள். நெகிழ்வட்டில் பூத்த பூஞ்சையைத் துடைத்த பிறகே படிக்க முயல்வார்கள்.

இலக்கிய வாசகருக்கு இதில் என்ன? 1999இல் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடியபோது, மென்பொருளுக்கொரு குறியீட்டுமுறை என்பதே தமிழின் நிலை. திஸ்கியும் தாமும் தாபும் பழங்கதையாகி ஒருங்குறி நிலைத்துவிட்டது. ஆனால் அக்காலத்தில் தட்டெழுதப்பட்ட கதைகளும் கடிதங்களும் சிற்றிதழ்ப் பக்கங்களும் தாமாக ஒருங்குறிக்கு மாறிவிடவில்லை. அந்த எழுத்துரு இல்லையேல் அவை வெறும் பொருளற்ற குறிகள். வட்டைப் படிக்கும் கருவியும் இல்லையேல் அதுகூட இல்லை.

ஓலைச்சுவடிகளைக் கரையான் தின்றதற்கு இன்றும் வருந்துகிறோம். நம் பரணில் கிடக்கும் பெட்டியைப் பழைய இரும்புக்காரரிடம் போடுமுன், உள்ளே யாருடைய எழுத்து இருக்கிறதென்று ஒருமுறை பார்த்துவிடலாம். சாத்தனூர் மரத்துக்குக் கல்லாகும் பேறு வாய்த்தது. நெகிழ்வட்டுக்கு அது வாய்க்காது.