சொல்லாகாத எழுத்து

குமாரபாளையம், பள்ளிபாளையம் தறிகளில் நெய்யப்பெறும் கைலிக் கட்டங்களுக்கு எவரும் பொருள் கேட்பதில்லை. அண்மையில் மாணவரொருவர் இந்தோனேசியப் பத்திக் துணியொன்றைக் கொணர்ந்து, “இதில் அரபு எழுத்துள்ளதே, இடுப்பில் உடுத்தலாமா?” என வினவினார்.

மெழுகிட்டுச் சாயமேற்றும் பத்திக்கில் உருவங்களுக்குத் தகுதியுண்டு. சாய்கோட்டுப் ‘பாராங் ரூசாக்’ உருவை யோக்யகர்த்தா சுல்தான் 1785இல் அரச குடும்பத்துக்கே ஒதுக்கினார். மாணவர் கொணர்ந்ததோ சுமத்திராவின் பெங்குலுப் பகுதிக்குரிய ‘பசூரெக்’. எழுத்துடையது என்பதே அப்பெயரின் பொருள். ரஃப்லேசியா மலரைச் சூழ்ந்து வளைவுகள். லாம் தெரிகிறது, ஹா தெரிகிறது, சொல்லாகக் கூடவில்லை. நாமும் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தோம்! இது வரைந்தோரின் அறியாமையன்று. இறைவசனம் உடுப்பில் இழிவுபடலாகாதென்று, எழுத்தின் வடிவை மட்டும் வைத்துக்கொண்டு பொருளை விலக்கினர்.

முழுத்துணியையும் ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு உடுத்துமாறு அத்தம்பியிடம் கூறினோம்.